பழுதான வளையம்

சித்திரை பிறக்க ஒன்பது நாள் இருந்தது.
நிலவில்லாத இரவாகப் பார்த்து
இறக்கக்கண்டிக் களப்பில் வலை கட்டினோம்.
தோணி தள்ளிக்கொண்டு போனவர்கள் சிரித்தார்கள்:
"தண்ணிக்கு மேல கட்டுறீங்கள்,
காத்தையோ பிடிக்கப் போறீங்கள்?"
கடற்படைக் காவலர் டோர்ச் அடித்து
பெயரும் அடையாள அட்டை எண்ணும் எழுதிக்கொண்டார்.
எழுதட்டும்.
நானும் எண் எழுதத்தான் வந்திருக்கிறேன்.

கிழமை நாட்களில் எனக்குக் கச்சேரி வேலை.
பிறப்பு, இறப்பு, பெயர்த் திருத்தம்.
கூட்டல் புள்ளி தவறினாலும்
மேசைக்கு முன்னால் ஒருவர் அழுவார்.
அதனால் என் கையெழுத்துக்கு ஒரு கர்வம் உண்டு.

பதினொரு மணிக்குப் பிறகு வரத் தொடங்கின.
முழங்கால் சேறு. நெற்றி விளக்கைச் சுற்றி ஈசல்.
கறுப்பு நூலின் மடியில்
தலைகீழாய்த் தொங்கின உள்ளான்கள்,
யாரோ காயப்போட்டு மறந்த துணிகள் போல.
பர்சூனா விரல் நுனியால் நூல் பிரிப்பாள்.
கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருபவள்.
பார்த்தலோட் தராசைப் பார்த்துக் கத்துவார்.
நான் எழுதுவேன்.

அதற்குள் ஒரு வளைமூக்கு உள்ளான்.
நெஞ்சில் செங்கல் நிறம் ஏறத் தொடங்கியிருந்தது,
பாதி மட்டும் பூசி விட்ட சுவர் மாதிரி.
பர்சூனா காலைத் திருப்பிப் பார்த்தாள்.
"இதுக்கு ஏற்கெனவே வளையம் இருக்கு."
எல்லோரும் குனிந்தோம்.
எழுபதாயிரத்து நானூற்றுப் பதினாறு.
எங்கள் வளையம். எங்கள் களப்பு.

பழைய ஏட்டை எடுத்தேன்.
ஈரத்தில் உப்பிய தாள்கள்.
மூன்று வருடத்துக்கு முந்திய பங்குனி.
70416:
பழுது. வீசப்பட்டது.
என் கையெழுத்து. அடியில் என் கையொப்பம்.

பார்த்தலோட் வளையத்தை மறுபடி வாசித்தார்.
நான் மறுபடி ஏட்டை வாசித்தேன்.
பறவை இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.
ஒரு வரி தள்ளி வெட்டியிருக்கிறேன்.
குறட்டில் நசுங்கியது பதினைந்து.
சைபீரியாவுக்கும் எனக்குமிடையே
மூன்று தரம் போய் வந்தது பதினாறு.
ஏட்டில் மட்டும்
பிறக்காத ஒரு பதினைந்து
ஐம்பத்திரண்டு கிராம் எடையோடு
உயிரோடு இருக்கிறது.

பர்சூனாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
"எங்கட மாமிக்கும் இதுதான் நடந்த.
முகாமில நிவாரண லிஸ்ட்டில ஆள் இல்ல.
ஆள் தண்ணி பவுசரடியில நிண்டு
எல்லாரோடயும் சண்ட பிடிச்சிட்டிருக்கா."
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
அந்த லிஸ்ட்டையும்
என்னைப் போல ஒருத்திதான் எழுதியிருப்பாள்,
நல்ல கையெழுத்தில்.

குழாயால் மெல்ல ஊத
நெஞ்சுச் சிறகு பிரிந்தது.
தோலுக்கடியில் மஞ்சள் கொழுப்பு,
நெய் உறைந்தது போல.
எழுபத்தெட்டு கிராம் என்று கத்தினார் பார்த்தலோட்.
இந்தக் களப்பின் புழுவும் இறால் குஞ்சும்தான்
இனி இமயத்தைத் தாண்டப் போகின்றன.

குறிப்பு என்ற பத்தியில் எழுதினேன்:
பறவையில் பிழை இல்லை.
பிறகு அதை வெட்டிவிட்டு
முறைப்படி எழுதினேன்:
எழுதுநர் பிழை. திருத்தப்பட்டது. திகதி.

விடிய முன் வாய்க்கால் ஓரம் கொண்டுபோனேன்.
உள்ளங்கையில் அதன் இதயம்
ஒரு தனி மழை.
கையைத் தாழ்த்தி விரித்தேன்.
பறக்கவில்லை.
சேற்றில் இறங்கி நாலு அடி நடந்து,
மூக்கை முழுக்க உள்ளே விட்டு
ஏதோ ஒன்றை இழுத்து விழுங்கியது.
பிறகு இன்னொன்று.

நிலாவெளிப் பள்ளியில் பாங்கு கேட்டது.
வலையைச் சுருட்ட வரச்சொல்லி
பார்த்தலோட் கூப்பிட்டார்.
நான் திரும்பிப் பார்த்தபோது
அங்கே நாற்பது ஐம்பது உள்ளான்கள்.
எல்லாம் குனிந்து தின்றுகொண்டிருந்தன.
எதன் காலும் தெரியவில்லை.